சேதுக்கரையும் அயல்நாட்டு நிலவுரிமையும்: திருப்புல்லாணிக் கல்வெட்டு முதல் இன்றைய சட்டங்கள் வரை

ஆய்வுச் சுருக்கம்

பாக்கு நீரிணையின் இருகரைகளிலும் வாழ்ந்த தமிழர், தம் நாட்டுக்கு அப்பால் நிலம் பெற்றதும் வைத்திருந்ததும் இழந்ததும் நீண்ட வரலாறு உடையன. அவ்வரலாற்றைத் திருப்புல்லாணியை மையமாகக் கொண்ட இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து இக்கட்டுரை நோக்குகிறது. இடைக்காலத்தில் அரசாணையும், ஐரோப்பியர் ஆட்சியில் வழமைச் சட்டமும் பத்திர முறையும், 1948க்குப் பின் குடியுரிமையும் பணப்பெயர்ச்சி விதிகளும் அயலார் நிலவுரிமையை நிர்ணயித்தன. இவை ஒன்றை ஒன்று நீக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. விலைக்கு வாங்கும் வழி குறுகிய காலங்களிலும் வாரிசுரிமை வழி பெரிதும் திறந்தே இருந்தது. ஆயினும் உடையவர் தம் நிலத்தில் இல்லாமையே அவ்வுரிமைக்கு நீடித்த ஆபத்தாக அமைந்தது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: திருப்புல்லாணி, சோனகர், தேசவழமை, உறுதி, குடியுரிமை, அந்நியச் செலாவணி, காலவரையறை

முன்னுரை

இராமநாதபுரத்துக்குத் தெற்கே அமைந்த திருப்புல்லாணி, ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலாலும் அண்மையிலுள்ள சேதுக்கரையாலும் அறியப்படும் தலம். அதன் சுற்றுவட்டத்திலேயே இடைக்காலத் துறைமுகமான பெரியபட்டினமும், இலங்கையோடு நெடுங்கால வணிகத் தொடர்புடைய கீழக்கரையும் உள்ளன. யாத்திரிகர், வணிகர், தொழிலாளர், அகதிகள் எனப் பலரும் இக்கரையின் வழியே கடல் கடந்துள்ளனர். கடல் கடந்தோரின் வணிகமும் வழிபாடும் மிகுதியாக ஆராயப்பட்டுள்ளன. அவர்கள் அக்கரையில் பெற்ற நிலத்தின் சட்டநிலை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

அயல்நாட்டில் நிலம் வாங்குவோர்க்கு இன்று கூறப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் நான்கு வினாக்களில் அடங்கும். அந்நாட்டுச் சட்டம் அயலாரை உடைமையாளராக ஏற்கிறதா? உரிமைமாற்றம் எந்த ஆவணத்தால் நிறைவுறுகிறது? உடையவர் இறந்தபின் எந்தச் சட்டப்படி நிலம் இறங்குகிறது? வாங்கும் பணம் சொந்த நாட்டின் விதிப்படி வெளியே சென்றதா? சேதுக்கரையின் வரலாற்றில் இந்நான்கும் வெவ்வேறு காலங்களில் எழுந்தவை. எந்த வினா எப்போது, ஏன் எழுந்தது என்பதை நிரல்பட நோக்குவது பயன்தரும்.

1. அரசாணைவழி வந்த நிலவுரிமை

திருப்புல்லாணிக் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று, பவுத்திரமாணிக்கப்பட்டினத்தின் கீழ்பால் அமைந்த பிழார்ப்பள்ளி என்னும் சோனகர் பள்ளிக்கு வழங்கப்பட்ட நிலக்கொடையைக் குறிப்பிடுகிறது. அப்பட்டினத்தை இன்றைய பெரியபட்டினமாக ஆய்வாளர் கருதுவர். பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் அதன் கடல்வணிகப் பரப்புக்குச் சான்றாகின்றன. வைணவக் கோயிலின் கல்லில் இசுலாமியப் பள்ளிக்கான நிலவுரிமை பொறிக்கப்பட்டிருப்பது சமய இணக்கத்தின் சான்றாகப் பலரால் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. சட்ட வரலாற்று நோக்கில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. கடல்வழி வந்த வணிகச் சமூகத்தின் நிலவுரிமை அரசனின் எழுத்தாணையால் பிறக்கிறது; மக்கள் கூடும் இடத்துக் கல்லில் பொறிக்கப்படுவதால் அனைவரும் அறிந்ததாகிறது. பதிவகம் இல்லாத காலத்தில் கோயிற்சுவரே பதிவேடாக இருந்தது.

இது தனித்த நிகழ்வன்று. ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக வழங்கியதை லெய்டன் பெருஞ்செப்பேடு பதிவுசெய்கிறது. சீனத்தின் சுவான்சௌ நகரில் 1281இல் தமிழ் வணிகர் சிவாலயம் ஒன்றை நிறுவியபோது அந்நாட்டு ஆட்சியாளரின் பர்மான் பெற்றே நிறுவியதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. இம்மூன்று சான்றுகளிலும் இரு பொதுக் கூறுகள் உள்ளன. முதலாவது, உரிமை பெற்றவர் தனியாள் அல்லர், சமய நிறுவனம். இரண்டாவது, உள்ளூர் ஆட்சியாளரின் ஒப்புதலே உரிமைக்கு அடிப்படை.

எதிர்க்கரையில், முதலாம் பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு அயல்நாட்டு வணிகரின் அசையும் பொருளுக்குப் பாதுகாப்பு அளித்தது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும், பிற சரக்குக் கலமாயின் பாதிக்குப் பாதியும் என அது வரையறுத்தது. அயலாரின் உடைமை பாதுகாக்கப்பட்டது. அப்பாதுகாப்பின் அளவை அரசனே நிர்ணயித்தான். இந்த அடிப்படை இன்றுவரை மாறவில்லை. அரசனின் இடத்தில் நாடாளுமன்றம் அமர்ந்திருக்கிறது.

2. ஒல்லாந்தர் காலம்: தோம்பும் வழமையும்

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இலங்கைக் கரையோரத்தை ஆண்ட காலத்தில் நிலவுரிமை ஏட்டில் ஏறியது. போர்த்துக்கேய மொழிவழி வந்த ‘தோம்பு’ என்னும் சொல் நிலப் பதிவேட்டைக் குறித்தது. யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தளித்த தேசவழமை, அங்குள்ள தமிழரின் முதுசம், சீதனம், தேடியதேட்டம் ஆகிய உடைமைப் பிரிவுகளை எழுத்தாக்கியது. தமிழில் பெயர்க்கப்பட்டு முதலியார் பன்னிருவரால் சரிபார்க்கப்பட்ட அத்தொகுப்பு, 1806இல் பிரித்தானிய ஆட்சியிலும் சட்டமாக ஏற்கப்பட்டது.

இராமநாதபுரக் கரையிலிருந்து யாழ்ப்பாணத்தில் நிலம் வாங்கியோர்க்குத் தேசவழமையின் முன்னுரிமைக் கொள்வனவு விதி முக்கியமானது. நிலத்தை விற்க விரும்புவோர் உடன்பங்காளர், வாரிசுகள் முதலியோர்க்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்பது அவ்விதி. தேசவழமையின் பிற பகுதிகள் யாழ்ப்பாணத் தமிழர் என்னும் சமூகத்தைப் பற்றியவை. இவ்விதியோ நிலத்தையே பற்றியது. வாங்குபவர் எவராயினும் அவரைக் கட்டுப்படுத்தும். 1947ஆம் ஆண்டின் தனிச்சட்டம் அறிவித்தல் முறையை ஒழுங்குபடுத்திய பின்னும் அவ்வுரிமை நிலைத்தது. மணமான பெண் தன் அசையாப் பொருளை விற்கக் கணவனின் இசைவு வேண்டும் என்ற விதியும் அவ்வாறே. இவற்றை அறியாது வாங்கியவரின் உரிமை வழக்குக்கு இடமாயிற்று.

அயலார் என்பதற்காகவே நிலம் மறுக்கப்பட்டதும் இக்காலத்தில் உண்டு. கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகரும் தமிழரும் வீடும் நிலமும் உடைமையாகக் கொள்வதை ஒல்லாந்தர் தடுத்தனர். அத்தடை 1832இல்தான் நீங்கியது. வணிகத்தில் வலிமை பெற்ற அயற்சமூகம் நிலத்திலும் வேரூன்றும் என்ற அச்சம் இத்தடையின் அடியில் இருந்தது. பிற்காலச் சட்டங்களிலும் அதே அச்சம் வேறு சொற்களில் வெளிப்பட்டது.

3. ஒரே பேரரசு, வேறுபட்ட சட்டங்கள்

பிரித்தானியர் ஆட்சியில் இருகரைகளும் ஒரே முடியின்கீழ் வந்தன. இராமநாதபுரத்து மனிதர் கொழும்பில் நிலம் வாங்கக் குடியுரிமைத் தடை இருக்கவில்லை. ஆயினும் சட்டங்கள் ஒன்றாகவில்லை. இலங்கையின் பொதுச்சட்டம் உரோம ஒல்லாந்தச் சட்டமாகத் தொடர்ந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம், நில உரிமைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்ட உறுதியால் மட்டுமே செல்லும் என்றது. தமிழகத்தில் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகமே மையம். அங்கு நொத்தாரிசுக்கு இந்த இடம் இல்லை.

சொல்வழக்கே இவ்வேறுபாட்டைக் காட்டும். தமிழகத்தில் பத்திரம், பட்டா, வில்லங்கம் என்பன. இலங்கையில் உறுதி, தோம்பு, நொத்தாரிசு, அற்றோனித் தத்துவம் என்பன. தமிழகக் கல்வெட்டுகளில் பரம்பரை நிலவுரிமையைக் குறித்த ‘காணி’ என்னும் சொல் இலங்கைத் தமிழில் நிலத்தையே குறிக்கலாயிற்று. மொழி ஒன்றாயினும் ஆவணம் வேறு. பட்டாவைத் தேடிப் பழகியவர் அக்கரையில் உறுதியின் தொடர்ச்சியைத் தேட வேண்டியிருந்தது.

வாரிசுரிமையில் வேறுபாடு இன்னும் ஆழமானது. அசையாப் பொருளின் இறக்கம் அப்பொருள் அமைந்த நாட்டுச் சட்டப்படியே என்பது நாடுகளுக்கிடையிலான தனியார் சட்டத்தின் பரவலான கொள்கை. 1876ஆம் ஆண்டின் இலங்கைப் பொது வாரிசுரிமைச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு இருந்தது. இந்தியாவில் இந்து மகளிர்க்கு 1956இல்தான் அத்தகைய உரிமை சட்டமாகத் தொடங்கியது. 1931ஆம் ஆண்டின் இலங்கை முசுலிம் வாரிசுரிமைச் சட்டமோ, இறந்த முசுலிம் இலங்கையை வதிவிடமாகக் கொண்டிருந்தாலும், அங்கு அசையாப் பொருள் மட்டுமே உடையவராயினும், அவர் சார்ந்த பிரிவின் இசுலாமியச் சட்டமே பொருந்தும் என்றது. இரண்டாம் வகையினரைச் சட்டம் வெளிப்படையாகச் சேர்த்ததை நோக்க, கீழக்கரை போன்ற ஊர்களில் குடும்பமும் கொழும்பில் கடையும் கொண்டிருந்தோரின் நிலை அதன் பரப்பில் அடங்கியது தெளிவாகும்.

இக்காலத்தின் பெரும் நிலவுடைமையாளருள் நாட்டுக்கோட்டைச் செட்டியார் முதன்மையானவர். அவர்தம் செட்டிநாடு 1910 முதல் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அவர்கள் விலாசம் என்னும் தலைப்பெழுத்துகளால் அறியப்பட்ட நிறுவனங்களை முகவர்களைக் கொண்டு நடத்தினர். முதலாளி ஊரிலும் அதிகாரம் பெற்ற முகவர் இலங்கையிலும் இருந்தனர். நிலம் பெரும்பாலும் அவர்கள் நாடிச்சென்றதன்று. கொடுத்த கடன் திரும்பாமையால் கைக்கு வந்தது. பருமாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1930களின் இறுதியில் கீழ்ப்பருமாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது.

இங்கு இரு சட்டங்கள் மோதியதற்கு 1957இல் பிரிவி கவுன்சில் தீர்த்த அருணாசலம் செட்டியார் வழக்கு சிறந்த சான்று. குடும்பம் இந்தியாவில், சொத்தின் ஒரு பகுதி இலங்கையில். மகன் 1934இலும் தந்தை 1938இலும் இறந்தனர். இலங்கை அரசு இறப்புச் சொத்துவரி கோரியது. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கு இலங்கைச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. எஞ்சிய ஒரே ஆணும் இறந்தபின் கூட்டுக்குடும்பம் உண்டா என்பதே வினா. கைம்பெண்கள் தத்தெடுப்பின் வழியாகப் புதிய ஆண் உறுப்பினரைச் சேர்க்க இயலும்வரை குடும்பம் முடிவடையவில்லை என்ற அடிப்படையில் வரி செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. கொழும்பின் வரிக்கணக்கு, செட்டிநாட்டு வீட்டில் தத்தெடுக்கும் உரிமை எவர்க்கு இருந்தது என்பதைப் பொறுத்து அமைந்தது. அயல்நாட்டு நிலம் ஒரே நாட்டின் சட்டத்தால் மட்டும் ஆளப்படுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

4. குடியுரிமை என்னும் எல்லை

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் எவருடைய நிலத்தையும் பறிக்கவில்லை. ஆயினும் பிரித்தானியக் குடிமகனாக நிலம் வாங்கியவரை அது அயல்நாட்டவர் ஆக்கியது. உறுதியில் ஓரெழுத்தும் மாறவில்லை. உடையவரின் நிலை மாறியது.

அதன் விளைவு படிப்படியாக வெளிப்பட்டது. 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம், குடிமக்கள் அல்லாதோர்க்கு நிலம் மாற்றப்படும்போது அதன் மதிப்புக்கு நிகரான, அதாவது நூறு விழுக்காட்டு வரியை விதித்தது. தடை என்ற சொல் இல்லை, விலை இருமடங்காயிற்று. 1972ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் தனியாள் உடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. நெல்வயலுக்கு 25 ஏக்கர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்பாட்டின்படி தலைமன்னார், இராமேசுவரம் வழியாகத் திரும்பிய தோட்டத் தொழிலாளருள் மிகப்பெரும்பாலோர்க்கு விட்டுவர நிலமே இல்லை. தலைமுறைகளாக உழைத்த மண்ணில் காணியுரிமை அற்றிருந்தமை, நிலம் வைத்திருந்தோரின் சிக்கலினும் கடியது.

இன்று நடைமுறையிலுள்ள 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், அயல்நாட்டவர்க்கும், பாதி அல்லது அதற்கு மேற்பட்ட பங்கு அயல்நாட்டவரிடம் உள்ள நிறுவனங்களுக்கும் நிலவுரிமை மாற்றுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. 99 ஆண்டுவரையான குத்தகைக்கு இடமுண்டு. இருவகை விலக்குகள் இங்குக் கருதத்தக்கவை. இரட்டைக் குடியுரிமை உடையோர் தடைக்கு உட்படார். நெருங்கிய உறவினர்க்கு வாரிசுரிமையாகவோ விருப்ப ஆவணத்தாலோ நிலம் இறங்குவதும் தடைப்படாது. ஆனால் இந்திய அரசமைப்பு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே இந்தியக் குடிமகனுக்கு முதல் விலக்கு பயன்படாது. இரண்டாவது மட்டுமே எஞ்சுகிறது.

இத்தகைய கட்டுப்பாடு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. மலேசியாவின் தேசிய நிலச் சட்டமும் குடிமக்கள் அல்லாதோர் நிலம் பெற மாநில அதிகாரத்தின் இசைவை வேண்டுகிறது. இந்தியாவின் நிலை அடுத்து நோக்கப்படும்.

5. பணமும் எதிர்த்திசைப் பயணமும்

இந்தியப் பக்கத்தில் எழுந்த வினா வேறு: நிலம் வாங்கிய பணம் எவ்வாறு வெளியேறியது? 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், இந்தியாவில் வாழும் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் இசைவின்றி அயல்நாட்டில் அசையாச் சொத்து வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தியது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இதைத் தளர்த்தியது. அயல்நாட்டில் வாழ்ந்தபோது பெற்ற சொத்தையும், அங்கு வாழ்ந்தவரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்தையும் தாயகம் திரும்பியபின் வைத்திருக்க அதன் 6ஆம் பிரிவு இடமளிக்கிறது. 2004இல் தொடங்கிய தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் இன்று ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பிச் சொத்து வாங்கலாம். அதை வருமான வரி அறிக்கையில் காட்டாது விட்டால், 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்படலாம்.

2022ஆம் ஆண்டின் அயல்நாட்டு முதலீட்டு விதிகளில் வரலாற்றாய்வாளர் கருதத்தக்க நாள் ஒன்று உள்ளது. 1947 சூலை 8 அல்லது அதற்கு முன் பெற்று, ரிசர்வ் வங்கியின் இசைவோடு தொடர்ந்து வைத்திருக்கும் அயல்நாட்டுச் சொத்துக்கு அவ்விதிகளின் கட்டுப்பாடு பொருந்தாது. ஒரே பேரரசின் காலத்தில் கொழும்பிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் நிலம் பெற்ற தலைமுறையின் சுவடு இன்றைய விதியில் இவ்வாறு உறைந்திருக்கிறது.

எதிர்த்திசையில், இந்தியாவில் நிலம் பெறுவதற்கு ரிசர்வ் வங்கியின் முன்னிசைவு வேண்டிய நாட்டவர் பட்டியலில் இலங்கையரும் உளர். ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டுமே அவ்விசைவின்றி இயலும். 2018இல் பாகிசுத்தான், ஆப்கானிசுத்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாட்டுச் சிறுபான்மையினர் நீண்டகால விசாவில் இந்தியாவில் வாழ்ந்தால் ஒரு குடியிருப்புச் சொத்து வாங்க இடமளிக்கப்பட்டது. அப்பட்டியலில் இலங்கை இல்லை. திருப்புல்லாணியிலிருந்து வெகுதொலைவில் இல்லாத மண்டபம் முகாமில் பல்லாண்டு வாழும் இலங்கைத் தமிழர்க்கு இதன் பொருள் வெளிப்படையானது. வாழும் கரையில் சொந்தப் பெயரில் மனை வாங்கத் தடை உண்டு. பிறந்த கரையில் காணி உண்டு, ஆனால் அவர்கள் அங்கு இல்லை.

6. இல்லாமையும் காலவரையறையும்

அயல்நாட்டு நிலத்துக்கான எச்சரிக்கைகளில் குறைவாகப் பேசப்படுவது காலவரையறை. இலங்கையின் 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்க ஆட்சிச் சட்டப்படி, பத்தாண்டு இடையூறின்றி எதிருரிமையாக நிலத்தை அனுபவித்தவர் அதற்கு உரித்துடையவர் ஆகலாம். இந்தியாவில் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இது பன்னிரண்டு ஆண்டு. இந்தியக் கணக்கை நம்பியிருப்பவர்க்கு இரண்டாண்டு குறைகிறது.

அதே இலங்கைச் சட்டம், வழக்குரிமை முதலில் எழுந்தபோது உடையவர் கடல் கடந்து இருந்தால் அந்நிலையை ஓர் இயலாமையாகக் கருதிக் காலக்கணக்கை நிறுத்துகிறது. சிறுபருவம், மனநலக் குறைவு ஆகியவற்றோடு கடல் கடந்திருத்தலும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. ஆயினும் முப்பதாண்டு எதிரனுபவம் இயலாமையையும் மீறி முடிவான சான்றாகிவிடும். 1990இல் நிலத்தை விட்டுக் கடல் கடந்து, அவ்வாண்டே மற்றொருவர் அதில் குடியேறியிருந்தால், 2020இல் அக்கணக்கு முடிந்துவிடும். இதை உணர்ந்தே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் உரிமையை நாட இயலாதிருந்தோர்க்கு அக்காலத்தை அது கணக்கிலிருந்து விலக்கியது. அதைப் பயன்படுத்தி வழக்கிட இரண்டாண்டு அவகாசம் அளித்தது. முகாமில் வாழ்ந்த ஒருவர் அச்சட்டத்தை அறிந்து, உறுதியைத் தேடி, அற்றோனித் தத்துவம் ஒன்றை அனுப்பி, அக்கரையில் சட்டத்தரணியை அமர்த்துவதற்கு இரண்டாண்டு மிகக் குறுகிய காலம்.

முடிவுரை

திருப்புல்லாணிக் கல்வெட்டின் சோனகர் பள்ளி முதல் மண்டபம் முகாம் வரையான இவ்வரலாறு சில முடிவுகளைத் தருகிறது.

முதலாவது, அயலாரின் நிலவுரிமை எக்காலத்தும் ஆளும் அதிகாரத்தின் ஒப்புதலைச் சார்ந்தே இருந்துள்ளது. விலை கொடுத்தல் அவ்வொப்புதலுக்கு ஈடாகாது.

இரண்டாவது, அரசாணை, வழமை, ஆவணம், குடியுரிமை, பணப்பெயர்ச்சி என்னும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துள்ளன. யாழ்ப்பாணத்து ஒரு காணியில் இன்றும் 1707இன் வழமையும் 1840இன் உறுதி முறையும் 2014இன் தடையும் இந்திய நிதி விதியும் ஒருங்கே செயற்படுகின்றன.

மூன்றாவது, கொள்வனவு அடைபட்ட காலங்களிலும் இரு நாடுகளும் வாரிசுரிமைக்கு இடமளித்துள்ளன. எனவே பழைய உறுதிகளும் இறப்புச் சான்றுகளும் உறவுமுறை ஆவணங்களும் வெறும் குடும்பத் தாள்கள் அல்ல. அவையே எஞ்சியிருக்கும் வழியின் திறவுகோல்கள். கடற்கரை ஊர்களிலும் முகாம்களிலும் சிதைந்துவரும் இவ்வாவணங்களைத் திரட்டிப் பாதுகாப்பது வரலாற்றாய்வுக்கும் உரியவர்களின் சட்ட உரிமைக்கும் ஒருசேரப் பயன்படும்.

நான்காவது, பறிமுதல் மட்டுமே நிலத்தைப் போக்குவதன்று. உடையவர் அங்கு இல்லாத ஆண்டுகளும் போக்குகின்றன. சேதுக்கரையில் நின்று நோக்குவோர்க்குப் பாக்கு நீரிணையின் அகலம் என்றும் ஒன்றே. சட்டத்தில் அதன் அகலம் தலைமுறைக்குத் தலைமுறை கூடிவந்துள்ளது.